தேத்தண்ணி குடிக்காதவர்கள்

வடகாட்டு ஆஸ்பத்திரியின் தோல் வைத்தியர் யூஜினிக்குப் புண்ணைப் பார்த்தவுடனேயே ஆளைச் சொல்லிவிடுகிற திறமை இருந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் காட்டு றோட்டின் தடைமுகாமுக்குப் போய், தகரக் கூரையின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, வரிசையில் வருகிறவர்களின் முகத்தையும் கையையும் ஒரு பார்வை பார்ப்பார். ‘ஊர்ப்புண்’ என்று சொன்னால் அந்த ஆள் பஸ் ஏறலாம். ‘படைப்புண்’ என்று சொன்னால், கையில் படை அட்டை இல்லாதபட்சத்தில், பின்னால் நிற்கிற வாகனத்தில் ஏற வேண்டியதுதான்.

இரண்டு புண்ணையும் கொண்டுவருவது மணல் ஈதான். அது கடித்த இடத்தில் ஒரு ஒட்டுண்ணி குடியேறும். அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. ஊர்ச்சனத்துக்குக் கரை தடித்து, நடு பிளந்து, மூக்கையோ காதையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் பரவும். சிப்பாய்களுக்குச் சின்னதாக வந்து, காய்ந்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத் தழும்பாக நின்றுவிடும். ஏன் அப்படி என்று கேட்டால் காவற்படையின் வைத்தியப் பிரிவிடம் ஒரே பதில்தான் இருந்தது. சிப்பாய்கள் வலைக்குள் படுக்கிறார்கள், சோப் போட்டுக் குளிக்கிறார்கள், ஊர்ச்சனம் கண்ட இலையையும் அரைத்துப் பூசிப் புண்ணைக் கெடுக்கிறது. யூஜினி இதை முழுதாக நம்பவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஊசிக்கு நிற்கிற கூட்டத்தைச் சமாளிப்பதற்கே பொழுது போய்விட, நம்பாமல் இருப்பதற்கும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கட்டாய ஆட்சேர்ப்பு வந்ததிலிருந்து படையை விட்டு ஓடுகிறவர்கள் பெருகிப்போனார்கள். ஆணும் பெண்ணும் ஓடினார்கள். சீருடையைக் கழற்றலாம், தழும்பைக் கழற்ற முடியாது என்று எங்கோ ஒரு குளிர் அறையில் இருந்த அதிகாரிக்கு மூளை வேலை செய்தது. அதன் பிறகுதான் யூஜினிக்கு இந்தக் கதிரை கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோப்ரல் அரியரத்தினம் ஒரு பெண்ணை முழங்கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோப்ரல் கண்டிப்பான மனிதர். வரிசையில் யாராவது சத்தமாகச் சிரித்தாலே அவருக்குப் பிடிக்காது.

“டொக்டர், இதைப் பாருங்கோ. கன்னத்தில வடிவா வட்டம். பால்காரியாம்.”

“பால்காரிதான்,” என்றாள் அந்தப் பெண். பெயர் பத்மலோசினி. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கையில் இருந்த பால் கானை அந்தப் பிடிக்குள்ளும் சரிக்காமல் வைத்திருந்தாள். “ரெண்டு மாடு நிக்குது. கன்று போட்டு இன்னும் மாதம் ஆகேல்லை. நான் போகாட்டில் கறக்க ஆள் இல்லை.”

“ஓடிப்போறவைக்குப் பால் கறக்கப் பழகத் தெரியாதோ?” என்றார் கோப்ரல்.

யூஜினி அவளுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தேகமே இல்லை. படைப்புண் ஆறிய தழும்பு. வாய்வரை வந்த சொல்லை அந்தப் பெண்ணின் கைதான் நிறுத்தியது. பெருவிரல் கணுவில் காய்த்துப்போயிருந்த தோல் ஆண்டாண்டாகக் கறந்தவளுடையது. ஓடிவந்த பிறகு பழகியவளுக்கு அப்படிக் காய்க்காது.

“முகாமுக்குள்ள வேலை செய்தனீங்களோ? அங்க ஏதும் சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை டொக்டர். உள்ளுக்குப் போனதே இல்லை. நான் தேத்தண்ணிகூடக் குடிக்கிறேல்லை.”

யூஜினி நிமிர்ந்து பார்த்தார். தேத்தண்ணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பத்மலோசினியும் அது விளங்கியவளாக உதட்டைக் கடித்துக்கொண்டு கானின் மூடியைப் பார்த்தாள். இந்தக் காட்டுப் பக்கத்தில் பால் விற்கிற ஒருத்தி தேத்தண்ணி குடிக்க மாட்டாளாம். மீன் விற்கிறவன் கடலைக் கண்டதில்லை என்று சொன்னால்கூட நம்பலாம்.

“இதை நுணுக்குக்காட்டியில பார்க்க வேணும்,” என்றார் யூஜினி. “திங்கக்கிழமை சொல்லுறன்.”

“பார்த்தாலே தெரியுதே டொக்டர்,” என்றார் கோப்ரல்.

“எனக்குத் தெரியேல்லை.”

கோப்ரலின் முகம் கடுத்தது. திங்கட்கிழமை மத்தியானம் வாகனம் தெற்குத் தடுப்பு முகாமுக்குப் போகும் என்றும், அதற்குள் பதில் வராவிட்டால் இவளும் அதில் போவாள் என்றும் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். தெற்கே போனவர்கள் யாரும் இதுவரை அந்த றோட்டால் திரும்பி வந்ததில்லை. பத்மலோசினி போகிற போக்கில் பால் கானை யூஜினியின் மேசையில் வைத்தாள். “பழுதாப்போகும், ஆருக்கும் குடுங்கோ,” என்றாள்.

யூஜினிக்கு அன்றைக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சினார், பொங்கவிட்டார், அடுப்பைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். ஒரு தழும்பைப் பார்த்துத் தான் தடுமாறியது அவருக்கு அவமானமாக இருந்தது. அதற்கும் அடியில் வேறொன்று அரித்தது, அது என்னவென்று பிடிபடவில்லை.

மறுநாள் காலை கிணற்றடியில் முழங்கைக்குச் சோப் போடும்போது பிடிபட்டது. விரலில் ஒரு வட்டம் தட்டுப்பட்டது.

போன மாரியில் அவருக்கும் ஒரு புண் வந்தது. தானே ஊசி போட்டுக்கொண்டார், காய்ந்துவிட்டது. ஆரம்பத்திலேயே பிடித்ததால் சுகம் வந்தது என்று தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டு, நீளக் கைச் சட்டைக்குள் அதை மறந்தும்போனார். இப்போது வாளியைப் போட்டுவிட்டு ஈரக் கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சின்னது, கரை படிந்தது, ஒரு பொத்தான். அதே ஊசியை ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்ட எத்தனையோ பேருடைய மூக்கு உதிர்வதைப் பார்த்திருக்கிறார். யாருக்கும் இப்படி ஆறவில்லை. வெள்ளைக் கோட்டு இல்லாமல் அந்த வரிசையில் நின்றால் கோப்ரல் அவரையும் முழங்கையில் பிடித்திருப்பார்.

ஊர்ச்சனத்துக்குக் கிடைக்காமல் சிப்பாய்களுக்கும் தனக்கும் பத்மலோசினிக்கும் கிடைத்தது எது? சோப் இல்லை, வலை இல்லை. முகாமை நடத்துகிற மேஜர் குலராஜாவிடம் வாரத்தில் இரண்டு மூன்று தரம் சிப்பாய்களின் சுகம் பற்றிப் பேசப் போவார். போனால் என்ன செய்வார்? உட்காருவார். மேஜர் மணியை அடிப்பார். பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வரும்.

யூஜினி தலையைக்கூடத் துவட்டாமல் சைக்கிளை எடுத்தார்.

பத்மலோசினியின் வீட்டு வளவில் கன்று கதறிக்கொண்டு நின்றது. மடி கட்டிப்போன மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படியோ கறக்கப் பார்த்து உதை வாங்கியிருந்தார். பத்மா வழமையாகப் பால் கொண்டுபோகிற ஒற்றையடிப் பாதை எது என்று அவரைக் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் அதன் முடிவில் இருந்த காவல் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார். பாலை மரத்துக்குக் கீழே மண்மூட்டை அடுக்கிய சின்னக் கொட்டில். தனியாக ஒரு சிப்பாய். இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டையில் நிரோசன் என்று பெயர் தைத்திருந்தது. அந்த வெக்கையிலும் கழுத்துப் பட்டியைக் காது வரை உயர்த்திவிட்டிருந்தான்.

“வாங்கோ டொக்டர், இருங்கோ,” என்றான், ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்தான். யார் வந்தாலும் முதலில் அதுதான், பிறகுதான் விசயம். தேயிலையைப் போட்டு, சாயம் கடுமையாக இறங்கும் வரை பார்த்து நின்று, அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தான். தனக்கென்று இன்னொரு கோப்பையில் எதையோ வார்த்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றான். யூஜினி எட்டிப் பார்த்தார். நிறமே இல்லை. வெறும் சுடுதண்ணி.

“கழுத்தைக் காட்டும்,” என்றார்.

“ஒண்டுமில்லை டொக்டர்.”

“காட்டும் தம்பி.”

பட்டியை இறக்கினான். காதுமடலின் கீழே கரை தடித்து, நடு பிளந்து ஒரு புண். பரவத் தொடங்கிவிட்ட ஊர்ப்புண், ஒரு சிப்பாயின் கழுத்தில். யூஜினிக்கு நின்ற இடத்தில் இருக்க முடியவில்லை. கோப்பையை மண்மூட்டை மேல் வைத்துவிட்டு இரண்டு அடி போய்த் திரும்பி வந்தார்.

“தேயிலைக்குள்ள என்ன கிடக்கு?”

“என்ன எண்டு எங்களுக்குத் தெரியாது. காலமையும் பின்னேரமும் கட்டாயம் குடிக்க வேணும் எண்டு மேலிடத்து ஓடர். லீவில போய் நிண்டு வாறவங்களுக்கு ஆறின புண் திரும்ப வெடிக்கும். வந்து தேத்தண்ணி குடிச்சா அடங்கும். அதுகளைப் பார்த்து நாங்களே கண்டுபிடிச்சம். வெளியில கொண்டுபோகக் கூடாது, சக்கையைக்கூட எரிக்க வேணும்.”

“அப்ப பத்மாவுக்குக் குடுத்தது?”

“அது நான்தான்.” அவன் தலையைக் குனிந்தான். “காலமை வெள்ளாப்பில பால் கொண்டு வாறா. அவவுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காமல் எப்பிடி டொக்டர் அனுப்பிறது? மருந்தெண்டு நினைச்சுக் குடுக்கேல்லை. அவவின்ர கன்னம் காய்ஞ்ச பிறகுதான் யோசிச்சன். அதுக்குப் பிறகு என்ர பங்கையும் அவவுக்கே குடுத்தன்.”

“உம்மட பங்கை ஏன்?”

நிரோசன் காட்டைப் பார்த்தான். “எனக்கு வீட்ட போக வேணும்.”

யூஜினிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கத் தொடங்கியபோது அவன் கழுத்தைத் திரும்பவும் பார்த்தார்.

“தேத்தண்ணியை விட்டா எங்களுக்கும் உங்கட ஆக்கள் மாதிரிப் பரவும்,” என்றான். “முகத்தில நல்லாத் தெரியிறளவுக்கு வரவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு உங்கட வரிசையில வந்து நிண்டா நீங்கள் ஊர்ப்புண் எண்டு சொல்லுவியள். கனபேர் அப்பிடித்தான் போனவங்கள். நீங்கள் நல்லாப் பார்க்கிறனீங்கள் எண்டுதான் பெடியள் உங்கட வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கிறவங்கள்.”

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. ஓடுகிறவர்களைத் தன் கையாலேயே பஸ் ஏற்றியிருக்கிறார். அப்படியானால் வாகனத்தில் ஏற்றியவர்கள் யார்? விறகு வெட்டுகிற கிழவர் ஒருவர், புறங்கையில் தழும்போடு, தான் படையைக் கண்ணாலும் கண்டதில்லை என்று அழுதார். முகாமுக்கு மரக்கறி போடுகிற அக்காவும் தங்கையும் ஒன்றாகவே ஏறினார்கள். எங்கோ ஒரு கொட்டிலில் யாரோ ஒரு பொடியன், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அவர்களுக்கு ஒரு கோப்பை வார்த்துக் கொடுத்திருக்கிறான். யூஜினி அந்தக் கோப்பைகளுக்குத்தான் தண்டனை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிழை விட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எந்த ஆறுதலும் இருக்கவில்லை.

“பத்மா உம்மைச் சொல்லேல்லை,” என்றார் கடைசியில். “தேத்தண்ணியே குடிக்கிறேல்லை எண்டு சொன்னவ.”

நிரோசன் மீதிச் சுடுதண்ணியை மண்ணில் ஊற்றினான். பிறகு கோப்பையைக் கவிழ்த்தான். “நான் வந்து சொல்லுறன் டொக்டர். மாடு கதறும்.”

“வந்தால் உம்மை என்ன செய்வினம்?”

“தெரியும்தானே.”

“அப்ப வராதேயும்,” என்றார் யூஜினி. “எனக்கும் ஒரு இடத்தில தேத்தண்ணி தந்தவை.”

திங்கட்கிழமை காலை மேஜர் குலராஜாவின் அறையில் வழமைபோல மணி அடிக்கப்பட்டது, வழமைபோலப் பூப்போட்ட கோப்பை வந்தது. மேஜர் அன்பான மனிதர், அல்லது அன்பாகப் பேசத் தெரிந்தவர். யூஜினி கோப்பையைத் தொடாமல் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

“இதைப் பார்த்துச் சொல்லுங்கோ மேஜர், படையோ ஊரோ?”

மேஜர் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நான் எந்தக் காலத்திலயும் உங்கட சீருடை போடேல்லை,” என்றார் யூஜினி. “உங்கட சாப்பாடும் சாப்பிடேல்லை. இந்த அறையில, இந்தக் கோப்பையில தேத்தண்ணி மட்டும் குடிச்சனான். என்னையும் மத்தியானம் வாகனத்தில ஏத்துவியளோ?”

மேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். மின்விசிறி தேவைக்கு மேல் சத்தம் போட்டது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

“இது வெளியில கதைக்கிற விசயம் இல்லை டொக்டர்.”

“உள்ளுக்குத்தானே கதைக்கிறம்.”

“காட்டில ஒளிக்கிறவங்களை மறிக்கக் கம்பி வேலி போட்டா வெட்டிப்போடுவாங்கள்,” என்றார் மேஜர், யாரோ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்புவிக்கிற குரலில். “ஆளைப் போட்டா ஆள் சாகும். காட்டில ஏற்கனவே ஒரு பூச்சி இருந்தது, ஒரு வருத்தம் இருந்தது. ஆய்வுகூடத்தில அதைக் கொஞ்சம் மாத்தினவை. எங்கட காவல் இல்லாமல் ஆரும் ஒரு மாரிக்கு மேல உள்ளுக்குத் தங்கேலாது. எங்கட பிள்ளையளுக்கு மாத்து மருந்து தேயிலையில. குளிசை குடுத்தா துப்பிப்போடுவாங்கள். தேத்தண்ணியை ஆர் துப்புவினம்?”

“உங்கட பூச்சி வேலிக்குள்ள ஊர் இருந்ததே.”

“ஊர் எழும்பிப் போகும் எண்டு நினைச்சினம்.”

யூஜினி கோபத்தில் மேசையில் கையை ஊன்றினார். மூக்கு இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் தோறும் ஊசி குத்திய கை அது. “எல்லாம் யோசிச்சவை,” என்றார். “எங்கட ஆக்கள் தேத்தண்ணியைத் தனியக் குடிக்கமாட்டினம் எண்டதை மட்டும் யோசிக்கேல்லை. பால்காரி வருவா, விறகுக்காரன் வருவான், டொக்டர் வருவா. ஒரு வாய் குடுக்காமல் ஆரை அனுப்பிறது? வெளியில கொண்டுபோகக் கூடாது எண்டு ஓடர். உங்கட மனிசி கோயிலுக்கு வந்தவ மேஜர். கழுத்தில சங்கிலிக்குக் கீழ வட்டமாக் கிடந்தது. வீட்டுக்குப் போன தேயிலைப் பக்கெற்றை ஆர் கொண்டுபோனது?”

மேஜர் இப்போது உட்கார்ந்தார். திடீரென்று வயது ஏறியது போல இருந்தது.

“அந்தப் பால்காரிக்கு ஆர் குடுத்தது?”

“எனக்கு இந்த அறை மட்டும்தான் தெரியும்,” என்றார் யூஜினி. “மேலிடம் எழுதிக் கேட்டா இந்த அறையைத்தான் சொல்லுவன்.”

வெளியே வாகனத்தை முடுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மேஜர் தொலைபேசியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். “அந்தப் பால்காரியின்ர கன்னத்தில கிடக்கிறது பழைய நெருப்புச் சூடாம், டொக்டர் பார்த்தவ, விடுங்கோ,” என்று சொன்னார்.

“முதல் போனவையள்?” என்று யூஜினி கேட்டார். “விறகு வெட்டுறவர், அந்தச் சகோதரிகள்?”

“அது என்ர கையில இல்லை.”

உண்மையாக இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யூஜினி எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். “எனக்கும் வீட்டுக்கு ஒரு பக்கெற் தாங்கோ மேஜர். உங்கட தேயிலை நல்லது.” மேஜர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தகரக் கூரை கொதித்தது. யூஜினி கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். பத்மலோசினி பால் கானோடு வரிசையைக் கடந்து போனாள். போகும்போது யூஜினியின் மேசைக் காலைத் தன் கானால் மெல்லத் தட்டிவிட்டுப் போனாள். மாட்டைக் கறந்தாயிற்று என்று அதற்கு அர்த்தமாக இருக்க வேண்டும்.

“கோப்ரல்,” என்று யூஜினி கூப்பிட்டார். “சனம் வெயிலில நிக்குது. பிள்ளை குட்டியள் வேற. ஆளுக்கொரு வாய் தேத்தண்ணி குடுத்தா என்ன? உங்கட குசினியில கேத்தல் இந்தா இருக்கே.”

அரியரத்தினம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. ஓடர் தெரிந்த கோப்ரலுக்கும் வரவில்லை. “வெளியில கொண்டுபோகாட்டிச் சரி. இஞ்சயே குடிச்சிட்டுப் போகட்டும்,” என்றார். பெரிய கேத்தல் வந்தது. மூக்கில் துணி கட்டிய ஒரு சிறுமி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் குடித்தால் போதுமா என்று யூஜினிக்குத் தெரியாது. நாளைக்கும் ஊசிக்கு வரச் சொல்லி, அப்போதும் ஒரு கோப்பை கொடுக்க வேண்டும். அப்படி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் இந்த வரிசை முழுக்க வட்டத் தழும்பாக நிற்கும். அன்றைக்கு இவர்கள் யாரைப் பிடித்து ஏற்றுவார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

வரிசையின் கடைசியில் சாரமும் பழைய சேட்டுமாக ஒரு பொடியன் வந்து நின்றான். தாடி விட்டிருந்தான். காதின் கீழிருந்த புண் தாடைப் பக்கமும் எட்டிப் பார்த்தது. நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

“என்ன தொழில்?”

“தோட்டம் டொக்டர்.”

யூஜினி கரையைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சு வைத்துக் கட்டும்போது மருந்துச் சுருள் என்று சொல்லி ஒரு பொட்டலத்தை அவன் சேட்டுப் பையில் வைத்தார். தேயிலை மணம் லேசாக அடித்தது. “ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எடும். காலமையும் பின்னேரமும்,” என்றார் தணிந்த குரலில். பிறகு கோப்ரலுக்குக் கேட்கும்படி, “ஊர்ப்புண்.”

அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். கேத்தலடியில் நின்ற சிப்பாய் ஒரு கோப்பையை நீட்டினான்.

“வேண்டாம் அண்ணை,” என்றான் நிரோசன். “நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை.”

பத்மலோசினி சொன்ன அதே சொல். ஒரு கோப்பையால் அந்தப் புண்ணுக்கு ஒன்றும் ஆகாது, வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்கு அது தெரியாது, சொல்லிக்கொடுக்க யூஜினிக்குத் தோன்றவில்லை. அரியரத்தினம் திரும்பிப் பார்த்தார். பஸ் படியில் கால் வைக்கிற அந்தப் பொடியனின் முதுகை, நடையை, வெயிலில் கறுத்த கழுத்தில் பட்டி மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தேத்தண்ணி குடிக்காத மனுசர் இந்த ஊரில கூடிக்கொண்டு வருது டொக்டர்,” என்றார்.

“கோப்ரல், என்ர தேத்தண்ணிக்குச் சீனி காணாது,” என்றார் யூஜினி அவசரமாக.

கோப்ரல் தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சீனிப் போத்தலை எடுக்கத் திரும்பினார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. யூஜினி அது வளைவில் மறையும்வரை பார்த்தார். பிறகுதான் குனிந்து கோப்ரலின் கோப்பையைப் பார்த்தார்.

உள்ளே வெறும் சுடுதண்ணி ஆவி பறந்துகொண்டு இருந்தது.